நாற்பத்தெட்டாம் எண் அரிவாள்மணை

என் மாமியாருக்கு வலது முழங்காலை மாற்றி வைத்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மூன்று விஷயம் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குத்துக்கால் வைக்கவே கூடாது. மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப மீனு எப்டி சார் அரியறது?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆம்பூர் திரும்பியதும் என் கணவர் முதல் வேலையாக வீட்டிலிருந்த அரிவாள்மணையை எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிகொண்டாவில் இருக்கும் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டார். கண்ணில் பட்டால் அம்மா உட்கார்ந்துவிடுவார் என்ற பயம். பதிலுக்குச் சமையல் மேடையில் வைத்து நறுக்கப் பலகையும் கத்தியும் வாங்கி வந்தார். மாமியார் அந்தக் கத்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வருஷமாகக் காயைக் கொண்டுபோய் அரிவாளிடம் கொடுத்துப் பழகியவர் அவர். இங்கே கத்தி காயைத் தேடி வருகிறது. அது அவருக்கு ஒப்பவே இல்லை.

"காயி அதுபாட்டுக்குக் கெடக்குது. கத்தி போய் அத வெட்டுது. இது இன்னா நியாயம்?" என்றார்.

பீன்ஸ் விரல் நீளத்துக்கு விழுந்தது. கத்தரிக்காய் உருண்டு கீழே ஓடியது. இரண்டு தடவை கட்டைவிரலில் வெட்டிக்கொண்டார். நான் நறுக்குகிறேன் என்று போனால், "நீ கம்பெனிக்குக் கெளம்பு, பஸ்ஸு போய்டப் போவுது" என்று துரத்துவார்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷன் சூப்பர்வைசர். தைத்து ஒட்டி முடித்த ஷூவைத் துடைத்து, மெழுகு பூசி, பளபளப்பாக்கிப் பெட்டியில் போடும் இடம் எங்களுடையது. மங்கலாக எதைப் பார்த்தாலும் அதைப் பாலிஷ் போடலாமே என்று தோன்றும் வியாதி எனக்கு அங்கேதான் பிடித்தது. ஒருநாள் பழைய பாத்திரம் ஏதோ தேடிப் பரணில் ஏறியவள், சாக்குக்குள் இன்னொரு அரிவாள்மணையைக் கண்டேன். மாமியாரின் கல்யாணச் சீரோடு வந்தது. மணைக்கட்டையைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. கை வைத்ததும் பொடியாக உதிர்ந்தது. மேலே இருந்த அரிவாள் துருவேறி, சுட்ட கருவாடு மாதிரி இருந்தது. நுனியில் தேங்காய் துருவும் பற்கள் மட்டும் எப்படியோ முழுசாக இருந்தன.

இதைச் சரிசெய்து, அடியில் இரண்டு பிடி வைத்து, சமையல் மேடையின் விளிம்பில் இறுக்கி மாட்டிவிட்டால் மாமியார் நின்றுகொண்டே அரியலாம். கணவர் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். பொங்கலுக்குப் பரிசாகக் கொடுப்பது, அதுவரை மூச்சு விடுவதில்லை என்று முடிவானது.

ஆனால் வீட்டில் வைத்துச் செய்ய வழியில்லை. மாமியார் கண்ணில் படாமல் எங்கள் வீட்டில் ஒரு தீக்குச்சி கூட இடம் மாறாது. அதனால் அரிவாளை ஒரு பழைய துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் சாம்பார் சாத டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. உள்ளே போகிறவர்களை எங்கள் செக்யூரிட்டி சோதிக்க மாட்டார். வெளியே போகிறவர்களைத்தான் சோதிப்பார்.

புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். வாளியை என் மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். துரு கறுப்பாகக் கழன்று வந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், பஃபிங் மெஷின் ஓட்டும் பெண் என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "உப்புத்தாளு வச்சித் தேச்சினு இருந்தா அடுத்த பொங்கல் வந்துடும் மேடம், இப்டி குடுங்க" என்றாள். முதலில் முரட்டுச் சக்கரம், பிறகு பஞ்சுச் சக்கரம், கடைசியில் ஷூவுக்குப் போடும் மெழுகு. அரைமணி நேரத்தில் அரிவாள் கண்ணாடி ஆகிவிட்டது. தையல் லைன் பெண்கள் வரிசையாக வந்து அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணன் சாணை பிடித்துக் கொடுத்தார். பதம் பார்க்க ஒரு துண்டு ஷூ அடித்தோலை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினார். சத்தமே இல்லாமல் தோல் இரண்டாகிக் கீழே விழுந்தது. மணைக்கட்டைக்குப் பதிலாக, தோல் வெட்டும் பிரஸ்ஸிலிருந்து கழித்துப்போட்ட தடித்த நைலான் பலகையில் ஒரு துண்டை அறுத்து, போல்ட் போட்டு அரிவாளை நிறுத்தி, அடியில் இரண்டு பிடியும் வைத்தார். மேலாளரிடம் கேட்டதற்கு, "குப்பதானே மேடம், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், அரிவாள்மணையைப் புதுத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். செக்யூரிட்டி பழைய மிலிட்டரிக்காரர். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பையின்மேல் காட்டினார். அது அலறியது. துணியை விலக்கிப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா மேடம் இது?"

"அருவாமணைங்க. எங்க வீட்டுது."

அவர் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து வரிவரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். "உள்ள வந்ததுக்கு என்ட்ரி இல்லியே."

"சாப்பாட்டுப் பையில கொண்டு வந்தேன்."

"அப்ப அது உள்ளயே வரல மேடம். உள்ள வராத பொருளு வெளிய எப்டி போவும்?"

"இதோ கையில இருக்குதேங்க."

"அதான் பேஜாரு" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

பின்னால் நூறு பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அரிவாள்மணையைச் செக்யூரிட்டி அறையில் விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பொங்கலுக்குப் பரங்கிக்காயை மாமியார் கத்தியை வைத்து, சுத்தியலால் தட்டிப் பிளந்தார்.

விடுமுறை முடிந்து போனபோது விஷயம் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் போயிருந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் போடும் நூறு விதிகளை நாங்கள் பின்பற்றுகிறோமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. முப்பது வயசு இருக்கும், மிக நல்ல மனுஷன், சிரித்துப் பார்த்ததில்லை. அவருக்குப் பெரிய பயம் கூர்மையான பொருட்கள். கத்தரிக்கோல், கத்தி, ஊசி எதற்கும் எங்களிடம் எண் உண்டு. எண் போட்ட மஞ்சள் பட்டையும், மேஜையோடு கட்டிப்போட்ட சங்கிலியும் உண்டு. காலையும் மாலையும் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் டிக் அடிக்க வேண்டும். ஷூவுக்குள் எதையாவது தவறவிட்டு அனுப்பிவிடக் கூடாதே என்பதற்காக.

"மேடம், இத ஷூக்குள்ள வச்சி அனுப்ப முடியாதுதான்" என்றார் அவர். "ஆனா ஃபேக்டரிக்குள்ள நம்பர் இல்லாத பிளேடு இருந்துதுன்னா அது மேஜர் ஃபைண்டிங், ஆடிட்ல பெரிய குத்தம். நம்பர் போட்டே ஆகணும்."

அன்றைக்கே என் மாமியாரின் கல்யாணச் சீர் நாற்பத்தெட்டாம் எண் ஆயுதமானது. மஞ்சள் பட்டை தொங்கியது. என் மேஜைக் காலோடு சங்கிலியால் கட்டினார்கள். பயன்பாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். காய்கறி என்றேன். ஷூ கம்பெனியில் காய்கறி வெட்டுவதாக எழுத முடியாது என்று 'பொது' என்று எழுதிக்கொண்டார். ஐந்து வாரம் நான் தினமும் காலையும் மாலையும், 'அரிவாள்மணை, ஒன்று, உள்ளது' என்று டிக் அடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தப் பொதுவான பயன்பாட்டில் வெள்ளரிக்காய் அரிந்தோம்.

எப்படி வெளியே எடுப்பது என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். எண் போட்ட பொருளைச் சும்மா வெளியே விட முடியாது. கழித்துப் போடுவதென்றால் உடைத்து, உடைத்ததைப் படம் எடுத்து வைக்க வேண்டும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியில் கொடுத்துச் செய்யும் வேலைக்காகக் கருவியை அனுப்பலாம். ஜாப் ஒர்க் என்று பெயர். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்க வீடுகளுக்கு அனுப்புவார்களே, அந்த முறை. படிவத்தில் வேலை நடக்கும் இடம் என்று எங்கள் வீட்டு முகவரியை எழுதினார். வேலை செய்பவர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"யார் யூஸ் பண்ணுவாங்க?"

"எங்க அத்த."

மாமியார் பெயரையும் வயசையும் எழுதினார். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். செக்யூரிட்டி அதைப் படித்துப் பார்த்து, எனக்கு சல்யூட் அடித்து வெளியே விட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் அதைச் சமையல் மேடையில் மாட்டி இறுக்கினார். மாமியாரைக் கூப்பிட்டோம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், அரிவாளைப் பார்த்து அப்படியே நின்றார். கிட்டே போய் அதில் தன் முகத்தைப் பார்த்தார். துருவும் பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"எங்க நைனா என் கல்யாணத்துக்கு வாங்கினது" என்றார். அப்புறம் மஞ்சள் பட்டையைப் புரட்டி, "இது இன்னா, ஆட்டுக்குக் கட்ற மாதிரி?" என்று கேட்டார்.

"அத அவுக்கக் கூடாது அத்த. கம்பெனி ரூல்ஸு."

மேலே எதுவும் கேட்காமல் ஒரு கட்டு கீரையை எடுத்தார். கை தானாகப் போயிற்று. நின்றபடியே, ரேடியோ கேட்டுக்கொண்டே, கட்டு முழுவதையும் நூல் மாதிரி அரிந்து தள்ளினார். முடித்ததும் வெங்காயம் கேட்டார். வெங்காயம் முடிந்ததும் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். அன்று எங்கள் வீட்டில் அரியப்படாத பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று நாள் பொரியலும் கூட்டுமாகவே சாப்பிட்டோம். இதோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

கோடையில், அந்த நூறு விதிகளையும் சரிபார்க்கும் வருடாந்திர ஆடிட் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் ஒரு இளம்பெண். காட்டன் சேலை, முதுகில் பை. எல்லா நோட்டுகளையும் பார்த்தவள் ஜாப் ஒர்க் படிவத்தில் நின்றுவிட்டாள். அறுபத்துநாலு வயசுப் பெண்மணி வீட்டில் வைத்துக் கூர்மையான கருவியோடு வேலை செய்கிறார். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் என்று கம்பெனி வைத்திருக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

கம்ப்ளையன்ஸ் அதிகாரி வியர்த்துப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"உண்மைய சொல்லிடலாமே சார்" என்றேன்.

"சொல்லலாம் மேடம். சொன்னா, நாம குடுத்த படிவம் பொய்னு ஆயிடும். அது இன்னும் பெருசு."

ஒருமணி நேரத்தில் மூவரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். தொழிலாளியிடம் தனியாகத்தான் பேச வேண்டும், நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கக் கூடாது என்றாள் ஆடிட்டர். என் வீட்டில் நான் நிர்வாகமாகிவிட்டேன். அதிகாரியும் நானும் தெருவில் நின்றோம். சமையலறை ஜன்னல் தெருப்பக்கம்தான் திறந்திருக்கும். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.

"அம்மா, உங்களுக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சா?" என்று ஆடிட்டர் ஆரம்பித்தாள். அவள் காகிதத்தில் அதுதான் முதல் கேள்வி போல.

"என் புள்ளைக்கே நாப்பது முடிஞ்சிப் போச்சி."

"வயசுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"ஆதார் கார்டா? அது மருமவ கிட்ட இருக்குது. பீரோல பூட்டி வச்சிருக்குது."

என் பக்கத்தில் நின்ற அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ மேடம்" என்று முணுமுணுத்தார். "தொழிலாளியோட டாக்குமெண்ட நிர்வாகம் வாங்கி வச்சிக்கக் கூடாது."

உள்ளே கேள்விகள் தொடர்ந்தன. எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிக்கும்? "நாலரைக்கு எந்திரிச்சிடுவேன். ஆறரைக்குள்ள ரெண்டு டப்பா கட்டணும்." எப்போது முடியும்? "அது எங்க முடியுது?" வேலை ஜாஸ்தியான நாள் உண்டா? "ஆடி மாசம், பண்டிக, சொந்தக்காரங்க வந்தா." வாரத்தில் எந்த நாள் லீவு?

பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"லீவா?" என்றார். "ஞாயித்துக்கெழமதான் எல்லாருக்கும் லீவு. எனக்கு அன்னிக்குதான் வேல ஜாஸ்தி. கறி எடுப்பாங்க."

"இத நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரு கேட்டாங்க, நீ கேக்கற, சொல்றேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒருத்தரும் இத கேட்டது இல்லம்மா."

அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னார். எட்டு வருஷமாக அந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டு, என் லைன் பெண்களுக்கு ஓவர்டைம் போனால் சண்டை போட்டு நிறுத்துகிறவள் நான். அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது மிரட்டறாங்களா, திட்டறாங்களா?"

"சேச்சே. மருமவ தங்கம். என் முட்டிக்கோசரம் இத செஞ்சி குடுத்துச்சி பாரு. நீ இன்னா இப்டி எளச்சிப் போயிருக்கிற? உக்காரு, தோச ஊத்தறேன்."

ஆடிட்டர் மறுத்தாள். வேலை செய்யும் இடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாதாம். மாமியார் அதெல்லாம் கேட்கிற ஆளில்லை. மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். கையில் புதினாத் துவையல் வாசனை அடித்தது.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. வார விடுமுறை இல்லை. அடையாள ஆவணம் மேற்பார்வையாளர் வசம் உள்ளது. பாதுகாப்புக் கையுறை வழங்கப்படவில்லை. மூன்றையும் ஒரு மாதத்துக்குள் திருத்தி, ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும்.

ஆதார் கார்டை நான் மாமியாரிடம் ஒப்படைப்பதை அதிகாரியே வந்து படம் எடுத்தார். கம்பெனியிலிருந்து இரும்பு வலையில் செய்த கையுறை ஒன்று வந்தது. மாமியார் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்க நன்றாக இருக்கும் என்று தொட்டிமேல் வைத்தார். மிச்சமிருந்தது விடுமுறை.

"வர்ற ஞாயித்துக்கெழம நீங்க அடுப்பங்கரைக்குள்ள வரக் கூடாது அத்த" என்றேன்.

"ஏன், நான் இன்னா தப்பு செஞ்சேன்?"

"லீவு. கம்பெனி ஆர்டர்."

முதல் ஞாயிறு அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. ஆனால் கணவர் வெங்காயம் அரிவதையும் நான் கறி வதக்குவதையும் பார்த்து நாலு மணி நேரம் பேசினார். "உப்பு ஜாஸ்தி." "தீய கம்மி பண்ணு." "டேய், கைய பாத்து." மதியம் நாங்கள் மூவரும் களைத்துப்போயிருந்தோம். அதிலும் மாமியார்தான் ஜாஸ்தி களைத்திருந்தார். அவர் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பியதற்கு அதிகாரி, வேலை இடத்திலேயே உட்கார்ந்திருப்பது விடுமுறை ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெளியே எங்காவது இருப்பது போல் வேண்டுமாம்.

மாமியார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, மலையடிவாரத்தில் அருவியும் சின்ன மிருகக்காட்சி சாலையும் இருக்கும் அமிர்திக்குப் போக வேண்டும் என்றார். பக்கத்திலிருந்தும் போனதே இல்லையாம். கணவர் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னதை மறுத்துவிட்டு, எதிர்வீட்டு அம்மாவையும் பக்கத்துத் தெருவில் பூ கட்டும் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். புளிசாதம் நான் கிளறியது. "பரவால்ல" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

வேலூரில் பஸ் மாறி, அங்கிருந்து அமிர்தி. மதியம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மான் அடைத்த கம்பிவேலிக்கு முன்னால் கைத்தடியோடு மாமியார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணாடி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. படத்தை அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் அதை அறிக்கையோடு இணைத்தார். ஃபைண்டிங் முடித்துவைக்கப்பட்டது என்று சென்னையிலிருந்து பதில் வந்தது.

ஆறு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். சேலை ஓரமெல்லாம் செம்மண். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து, ஆபரேஷன் செய்த காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டார்.

"எப்டி இருந்துச்சி அத்த?"

"அருவியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். "மானு பக்கத்துலயே வரல. கொரங்கு பாதி சோத்தத் தூக்கினு போய்டுச்சி." கண்ணை மூடிச் சிரித்தார். "வர்ற வாரம் திரும்பப் போலாம்னு இருக்கறோம்."